வளர்ந்த நாய்க்கும் பழக்கம் வரும்



நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். வால் நிமிராது, அது சரிதான். ஆனால் நாயின் பழக்கம் மாறும். குட்டிக்கு மட்டும் அல்ல, ஐந்து வயது நாய்க்கும் மாறும்.

மும்பையில் சால் என்று சொல்லும் வரிசை வீடுகள் உண்டு. பல வீடுகளில் ஒரே அறைதான். சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அதற்குள். அப்படி ஒரு வீட்டுக்குள் வளர்ந்த நாய் ஒன்று வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஊரை விட்டுப் போகும்போது விட்டுப் போன நாய். பிள்ளைகள் சோறு போட்டார்கள். அது வாசலில் படுத்தது. பிறகு உள்ளே வந்துவிட்டது.

முதல் நாள் அரிசி மூட்டை மேல் மூத்திரம் பெய்தது. மறுநாள் கட்டில் காலில் பெய்தது. வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. அதன் மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்த்தார், அடித்தார். அதற்கு மறுநாள் நாய் பெட்டிக்குப் பின்னால் மறைவாகப் போய்ப் பெய்தது. வீட்டு அம்மா, "இதை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

நாய் வஞ்சம் வைத்து இப்படிச் செய்யவில்லை. பெய்து முடித்துச் சிறிது நேரம் கழித்து அடித்தால், எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது. மனிதர் கண்ணெதிரே பெய்தால் ஆபத்து என்று மட்டும் கற்றுக்கொள்ளும். அதனால்தான் மறைவிடம் தேடியது. அடி வாங்கிய நாய் வெளியே அழைத்துப் போனாலும் ஆள் முன்னால் பெய்யப் பயப்படும். வீட்டுக்குத் திரும்பியதும் மூலையில் பெய்துவிடும். அடித்ததில் வேலை இரண்டு மடங்கு ஆனதுதான் மிச்சம்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூத்திரப் பையில் புண், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இருந்தால் நாயால் அடக்க முடியாது. நோயைப் பழக்கத்தால் தீர்க்க முடியாது.

நோய் இல்லை என்றால், அது எப்படிப் பெய்கிறது என்று பாருங்கள். ஆண் நாய் காலைத் தூக்கி அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்தால், அது தன் இடம் என்று அடையாளம் வைக்கிறது. கருத்தடை அறுவை செய்தால் பல நாய்களிடம் இது குறையும். ஆள் குனிந்து தொடப் போகும்போது உடம்பைச் சுருக்கிக்கொண்டு சொட்டினால், அது பயம். அந்த நாயை அதட்டவே கூடாது. பக்கவாட்டில் உட்கார்ந்து, அதுவாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். எல்லோரும் வெளியே போனபின் மட்டும் பெய்து, கதவைப் பிறாண்டி, குரைத்தால், அது தனிமைப் பயம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனியே விட்டு மெதுவாகப் பழக்க வேண்டும்.

இப்போது பழக்கும் முறை. நாயைக் குட்டி போலவே நினைத்து ஆரம்பத்திலிருந்து தொடங்குங்கள். சோற்றை நாள் முழுவதும் தட்டில் போட்டு வைக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பிறகு, இரவு படுக்கும் முன் என்று வெளியே அழைத்துப் போங்கள். எப்போதும் ஒரே இடத்துக்கு, கழுத்தில் கயிறு போட்டு. அங்கே பேசாமல் நில்லுங்கள். பெய்து முடித்த அந்த நொடியிலேயே தட்டிக்கொடுத்து ஒரு ரொட்டித் துண்டு கொடுங்கள். வீடு வந்து கொடுத்தால் பயன் இல்லை. வீட்டுக்கு வந்ததற்குக் கிடைத்த கூலி என்று அது நினைத்துக்கொள்ளும். மலத்தையும் தாளில் எடுத்துக் குப்பையில் போடுங்கள். பக்கத்து வீட்டாருடன் சண்டை வராமல் இருக்க இதுவே வழி.

வீட்டுக்குள் இருக்கும்போது நாய் கண் பார்வையில் இருக்கட்டும். தரையை மோந்து சுற்ற ஆரம்பித்தால் உடனே வெளியே கூட்டிப் போங்கள். சிமெண்டுத் தரையில் கட்டியே வளர்த்த நாய்க்கு மண்ணும் புல்லும் புதிது. அதற்குக் கூடுதல் நாள் ஆகும். மழையில் வெளியே வர மறுக்கும் நாய்களும் உண்டு. மும்பை மழை யாரைத்தான் விட்டது? குடை பிடித்து நிற்க வேண்டியதுதான்.

பெய்த இடத்தைக் கழுவுவதிலும் விஷயம் இருக்கிறது. பினாயில் போட்டால் மனித மூக்குக்கு வாடை போய்விடும், நாய் மூக்குக்குப் போகாது. பழைய வாடை அதை மறுபடி அங்கேயே இழுக்கும். சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை கழுவி, தண்ணீரில் வினிகர் கலந்து துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். மூத்திரத்தோடு சேர்ந்தால் அதன் நெடி மூச்சைக் கெடுக்கும். வினிகரோடும் அதைக் கலக்கக் கூடாது.

சில நாய்க்கு இரண்டு வாரம் போதும். சிலவற்றுக்கு இரண்டு மாதம் ஆகும். இடையில் ஒரு நாள் தவறும். அன்று கோபப்படாமல் துடைத்துவிட்டு, மறுநாள் முன்னதாகவே வெளியே கூட்டிப் போங்கள்.

இதற்குள் பொறுமை இழந்து நாயைத் தூரத்தில் விட்டுவிட்டு வருவோர் உண்டு. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எப்போதும் கட்டிப் போட்டு, நடக்கவே விடாமல் வைப்பதும் அதே சட்டப்படி குற்றம்தான்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாப்பிடும் நாயைப் பிள்ளைகள் தொடக் கூடாது. நாய் உறுமினால் அதை அடக்க அடிக்காதீர்கள். உறுமல் அதன் எச்சரிக்கை. எச்சரிக்கையை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியை மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் போடுங்கள். கடித்துவிட்டால், வீட்டு நாயே ஆனாலும், புண்ணை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் தடவ வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. முதல் ஊசியோடு நிறுத்தாமல், சீட்டில் எழுதிய எல்லா நாளும் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.