காரோட்டக் கற்பவருக்கு முதற்பாடம்



காரோட்டத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது தோட்டத்தில் வாழும் நமக்கு ஆடம்பரமன்று. நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் மருத்துவமனை தொலைவில் இருக்கிறது. பட்டணத்தில் வேலை தேடிச் செல்வோரிடம், "லைசென்ஸ் உண்டா?" என்று கேட்கும் முதலாளிகளும் பலர். ஆகவே, ஆண்பிள்ளைகளைப் போலவே பெண்பிள்ளைகளும் இதனைக் கற்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்பதில்தான் நாம் தவறு செய்கிறோம். செம்பனைக்கு இடையே ஓடும் மண்சாலையில், அண்ணனின் காரில், உரிமம் ஏதுமின்றித் தொடங்கிவிடுகிறோம். "இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?" என்கிறோம். ஆளில்லாத அப்பாதையில் சாலையின் நடுவே ஓட்டிப் பழகுகிறோம். விளக்குச் சமிக்ஞை காட்டாமல் திரும்பப் பழகுகிறோம். பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்க்க மறந்தே பழகுகிறோம். இப்பழக்கங்களோடு பெருஞ்சாலையில் ஏறும் நாளில் எதிரே லாரி வருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரே விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். அப்போது சிந்திக்க நேரமேது?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, காரோட்டுவோருக்கு 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். உரிமமின்றி ஓட்டுவது குற்றம். உரிமமில்லாதவரை ஓட்ட விடுவதும் குற்றமே. பாசத்தால் மகனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தையர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

முறையான வழி கடினமானதன்று. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பெயர் பதிந்துகொள்ளுங்கள். வகுப்பில் அமர்ந்து சாலை விதிகளைக் கற்று, கணினித் தேர்வை எழுதுங்கள். 50 கேள்விகளில் 42க்கேனும் சரியான விடை அளித்தால் தேர்ச்சி. அதன் பிறகு 'எல்' உரிமம் பெற்றுப் பயிற்சியைத் தொடங்கலாம். மேட்டில் நிறுத்திப் பின்வாங்காமல் ஏறுவது, கட்டத்துக்குள் காரை நிறுத்துவது, குறுகிய இடத்தில் திருப்புவது, சாலையில் ஓட்டுவது ஆகியவற்றைச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் தேர்வில் செய்து காட்ட வேண்டும். தேறியவருக்கு முதல் 2 ஆண்டுகள் 'பி' உரிமம்.

முதல்நாள் காரில் அமர்ந்ததும் இயந்திரத்தை முடுக்க அவசரப்படாதீர்கள். கால்கள் எட்டும்படி இருக்கையைச் சரிசெய்து, கண்ணாடிகளைத் திருத்தி, இருக்கைப் பட்டையை அணியுங்கள். கியர் போட்டபின் கிளட்சை மெல்ல மெல்ல விடுங்கள். இயந்திரத்தின் ஒலி தாழ்ந்து கார் இலேசாக அதிரும் இடத்தில் காலைச் சற்று நிறுத்துங்கள். சக்கரத்தை இயந்திரம் பற்றிக்கொள்ளும் இடம் அதுவே. காலைச் சட்டென்று எடுத்தால் இயந்திரம் நின்றுவிடும். அதற்காக வெட்கப்பட வேண்டாம், எல்லோருக்கும் நேர்வதுதான்.

பணம் கொடுத்தால் தேர்வின்றியே உரிமம் வாங்கித் தருவதாக எவரேனும் ஆசை காட்டினால் மயங்காதீர்கள். ஆபத்து வேளையில் பிரேக்கை மிதிக்கப் போவது உங்கள் கால்தான். அந்தக் காலுக்குப் பயிற்சி வேண்டும்.

நன்றாகக் கற்று, நலமாக வீடு திரும்புங்கள்.