இறால் ஓட்டை வீசாதீங்க



தக்காளி, கத்தரி, வெண்டை போட்ட வயல்ல, தண்ணியும் உரமும் குறைவில்லாம இருந்தும் சில செடிகள் வெளுத்து, வாடி நிற்பது உண்டு. அப்படி ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்க. முண்டு முண்டாக முடிச்சுகள் இருந்தால், அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை.

இந்தப் புழுவைக் கட்டுப்படுத்த இறால், நண்டு ஓடுகள் உதவும். ஓட்டில் சுண்ணாம்பும் புரதமும் போக, கைட்டின் என்ற நார் போன்ற பொருள் இருக்கிறது. அது தண்ணீரில் கரையாது. ஆனால் அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் மண்ணில் உண்டு. ஓட்டுத் தூள் போட்டால் அவை பெருகும். நூற்புழு முட்டையின் மேல்தோலிலும் இதே கைட்டின் இருப்பதால், அந்த முட்டைகளையும் அவை அரிக்கும். ஓடு மக்கும்போது வரும் அமோனியாவும் புழுவைக் கொல்லும். பயிருக்குத் தழைச்சத்தும் கிடைக்கும்.

எப்படிப் போடுவது? ஓட்டை நல்ல தண்ணியில் அலசி, உப்பைப் போக்குங்க. வெயிலில் மொறுமொறுன்னு காயவச்சு, இடிச்சுத் தூளாக்கி, ஈர மண்ணில் கலந்துவிடுங்க. அமோனியா இளம் வேரையும் கருக்கிவிடும். ஆகையால் நடவுக்கு 3, 4 வாரம் முந்தியே போட்டுவிடணும். சுண்ணாம்பு இருப்பதால் களர் நிலத்துக்கு வேண்டாம்.

புழு அடியோடு ஒழிந்துவிடாது, குறையும். முதலில் ஒரே ஒரு பாத்தியில் போடுங்க. அறுவடை முடிஞ்சதும் பக்கத்துப் பாத்திச் செடியோட வேரை வச்சு ஒப்பிட்டுப் பாருங்க.