ஆட்சி மாறினால் ஊர் வரைபடமும் மாறுமா?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



டவுன் எந்தப் பக்கம் வளரணும் என்பது இன்ஜினியர் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். பக்கத்து ஆந்திராவில் நடந்ததைக் கேளுங்கள்.

2014-ல் தெலங்கானா பிரிந்ததும் ஆந்திராவுக்குப் புதுத் தலைநகர் வேண்டியிருந்தது. கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதி என்று சந்திரபாபு நாயுடு அரசு முடிவு செய்தது. விவசாயிகள் 33,000 ஏக்கருக்கு மேல் கொடுத்தார்கள். மொத்தப் பணம் கிடையாது. பின்னால் வீட்டுமனையும் கடைமனையும், அதுவரை வருஷத்துக்கு ஒரு தொகை என்று பேச்சு. மூணு போகம் விளையும் மண்ணும் அதில் உண்டு. மனசு கேட்குமா?

2019-ல் ஜெகன்மோகன் ரெட்டி ஆட்சிக்கு வந்தார். ஒன்றல்ல, மூன்று தலைநகர் என்றார். கட்டிடங்கள் பாதியில் நின்றன. வயலும் இல்லை, மனையும் இல்லை. போராட்டத்தில் பெண்கள்தான் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள், வருஷக்கணக்கில். 2022-ல் உயர் நீதிமன்றம் அமராவதியைக் கட்டச் சொல்லியும் வேலை நகரவில்லை. 2024-ல் நாயுடு மறுபடி வந்தார்; 2025 மே மாதம் வேலை மறுபடி தொடங்கியது.

இது நிலம் வைத்திருந்தவங்க கதை. நாத்து நட்டு, களை எடுத்துப் பிழைச்சவங்களுக்கு? குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய் என்று திட்டத்தில் எழுதினார்கள். போன கூலிவேலைக்கு அது ஈடாகுமா, நீங்களே கணக்குப் போடுங்கள்.

நம்ம பக்கமும் டவுன் நெருங்கி வருது. வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கணும்னு தமிழ்நாட்டு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-லேயே இருக்கு. வர்ற கிராமசபையில் வரைபடம் எங்கேன்னு கேட்போம். நம்ம சர்வே நம்பர்களை எழுதிக்கிட்டு வாங்க. நிலமில்லாத அக்காமாரையும் கூட்டிக்கிட்டு வாங்க.