மெல்லத் தேயும் செவிப்புலன்



பிறவியிலேயே காது கேளாத குழந்தையை நாம் அறிவோம். நன்கு கேட்கும் செவியுடன் பிறந்து, பள்ளிப் பருவத்தில் சிறுகச் சிறுக அதை இழக்கும் குழந்தை நம் கண்ணில் படுவதில்லை. ஆல்போர்ட் நோய் என்னும் பரம்பரை நோயில் இதுவே நிகழ்கிறது.

சிறுநீரகக் கோளாறும் செவிட்டுத் தன்மையும் ஒரே குடும்பத்தில் தலைமுறைதோறும் சேர்ந்து தோன்றுவதை, செசில் ஆல்போர்ட் என்ற மருத்துவர் 1927-இல் விவரித்தார். நான்காம் வகைக் கொலாஜன் என்னும் புரதம், சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வுக்கும் உட்செவிக்கும் பொதுவானது. அதற்குரிய மரபணு பழுதுபட்டால் இரண்டு உறுப்புகளும் நலிகின்றன. பெரும்பாலும் இப்பழுது எக்ஸ் குரோமோசோமில் அமைவதால், ஆண்களிடம் நோய் கடுமையாகிறது. பெண்களும் முற்றிலும் தப்புவதில்லை.

கேட்புக் குறைவு இரு செவிகளிலும் வருகிறது. முதலில் 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வெண் ஒலிகள் மங்குகின்றன. அந்நிலையில் குறையைச் செவித்திறன் அளவி மட்டுமே காட்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல, அக்குறை பேச்சொலிகளுக்கும் பரவுகிறது. ஆசிரியர் சொல்வது பாதி புரியாத மாணவன், 'கவனமில்லாதவன்' என்று பெயர் வாங்குகிறான். அதே வேளையில் அவனது சிறுநீரகமும் ஓசையின்றிப் பழுதடைந்து வருகிறது.

ஆகவே, பிறந்தவுடன் செய்யும் செவிப் பரிசோதனையில் தேறியதோடு நாம் நிறைவடையலாகாது. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம், 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்க வழி செய்துள்ளது. பள்ளிப் பருவத்தில் செவித்திறன் குறையக் காணும் குழந்தைக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தல் வேண்டும். செலவு மிகச் சிறிது. சிறுநீரில் இரத்தமோ புரதமோ தென்பட்டால் அது முன்னெச்சரிக்கை. இரத்த அழுத்தத்திற்கு வழங்கப்படும் ஏ.சி.இ. தடுப்பு மருந்துகளை உரிய காலத்தில் தொடங்கினால், சிறுநீரகச் செயலிழப்பைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

இழந்த செவிப்புலனை இம்மருந்துகள் மீட்பதில்லை. மாற்றுச் சிறுநீரகமும் மீட்பதில்லை. ஆயினும் இந்நோயில் செவி முற்றிலும் அடைபடுவது அரிது. எனவே கேட்புக் கருவி நல்ல பயன் தரும். பேரிரைச்சலையும், செவிக்கு ஊறு செய்யும் சில மருந்துகளையும் தவிர்ப்பது, எஞ்சிய புலனைக் காக்கும்.

வகுப்பின் பின்வரிசையில் பதில் கூறாது நிற்கும் சிறுவனைக் கடிந்துகொள்ளும் முன், அவன் செவியைச் சோதிப்போம். அச்சோதனை அவன் படிப்பை மட்டுமன்றி உயிரையும் காக்கக்கூடும்.