15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி

மார்கழி பிறந்தால் விழுப்புரம், திண்டிவனம் வீடுகளில் பழைய கோல நோட்டுகள் பரணிலிருந்து இறங்கும். சில பக்கங்களில் படத்தின் ஓரமாக ஒரே ஒரு குறிப்பு இருக்கும்: “15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி.” பழகிய கைக்கு அது போதும். நடு வரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் 14, 13 என ஒவ்வொன்றாகக் குறைத்து, 8 வந்ததும் நிறுத்த வேண்டும். ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இடுக்கில் உட்காரும். சாணம் தெளித்த வாசலில் 169 புள்ளிகள் விழுந்துவிடும்.

படத்தை விட்டுவிட்டு, படம் பிறக்கும் விதியை மட்டும் எழுதி வைக்கும் வித்தை இது.

1980களில் ஐரோப்பிய இளைஞர்கள் இதே வித்தையைக் கணினியில் செய்தார்கள். அவர்கள் கையிலிருந்த கமடோர் 64 கணினியின் நினைவகம் 64 கிலோபைட்தான். இன்றைய செல்பேசிப் புகைப்படம் ஒன்றுகூட அதில் அடங்காது. விளையாட்டு மென்பொருளின் பூட்டை உடைத்துப் பரப்பியவர்கள், தங்கள் குழுவின் பெயர் மின்ன, இசை ஒலிக்க, ஒரு முகப்புக் காட்சியைச் சேர்த்து அனுப்பினார்கள். தொடக்கம் திருட்டுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. நாளடைவில் விளையாட்டு விலகி முகப்பே தனிக் கலையாகி, ‘டெமோ’ என்று பெயர் பெற்றது. 1993இல் பின்லாந்தின் அசெம்பிளி விழாவில் ஃபியூச்சர் க்ரூ குழுவின் ‘செகண்ட் ரியாலிட்டி’ வென்றது. 2000இல் ஜெர்மனியின் ஃபார்பரவுஷ் குழு, சுமார் 11 நிமிட முப்பரிமாணக் காட்சியை இசையோடு 64 கிலோபைட்டுக்குள் அடக்கியது. சுவரும் தரையும் படங்களாக அந்தக் கோப்பில் இல்லை. அவற்றை வரையும் சூத்திரங்களே இருந்தன.

அந்த இளைஞர்களுக்கு முன்பே தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஒருவர் வாசற்கோலத்தைக் கணினி அறிவியலின் கண்ணால் பார்த்தார்: கிஃப்ட் சிரோமணி. ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் அவர் வெளியிட்ட ஆய்வு, கோலத்துக்கு இலக்கணம் வகுத்தது. சொற்களை வரிசைப்படுத்தி வாக்கியம் ஆக்குவதுபோல, குறியீடுகளைக் கட்டங்களில் அடுக்கிப் படம் ஆக்கும் விதிகள் அவை. பின்னாளில், புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கம்பிக் கோலத்தையும் விடவில்லை. நேரே போ, வளை, புள்ளியைச் சுற்றி வா என்று கை போகும் போக்கே அங்கே எழுத்துகளாயின. மார்கழி விடியலில் எத்தனையோ பெண்கள் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும் கணக்கு, உலக ஆய்விதழில் இடம்பிடித்தது. தமிழ்நாட்டுக் கணினி வரலாற்றை எழுதுகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவதே நியாயம்.

ஒரு வேறுபாடு மட்டும் மனத்தை உறுத்துகிறது. டெமோக்காரர்கள் திரையில் ஓடும் எழுத்துகளில் தங்கள் பெயரைப் போட்டார்கள். தோழமைக் குழுக்களைப் பெயர் சொல்லி வாழ்த்தினார்கள். 2020இல் பின்லாந்து அந்தக் கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வாசலில் போட்டவரின் பெயரைக் கோலம் சொல்வதில்லை. உச்சிவேளைக்குள் சைக்கிள் தடம் அந்தக் கோலத்தையும் அழித்துவிடும்.

நோட்டு இன்னும் மிச்சமிருக்கிறது. அந்த 15–8 குறிப்பைப் பள்ளிக் கணினியில் பைத்தான் மொழியில் எழுத ஒரு மாணவிக்குப் பத்து வரி போதும். முதல் வரியில், டெமோக்காரர்கள் செய்ததுபோல, நோட்டுக்குச் சொந்தக்காரரான ஆயாவின் பெயரை அவள் எழுதட்டும்.