தண்ணீர் எங்கே போகிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கார் கொதிப்பதைப் பற்றிப் பேச இவர் யார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் படித்தது பொதுமக்கள் தொடர்பியலில் டிப்ளோமா. கையில் பிடித்துப் பழகியது மைக், ஸ்பேனர் அல்ல. எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் பட்டறை அண்ணன், நான் தப்பாக ஏதாவது சொன்னால் தாராளமாகத் திருத்தலாம். ஆனால், ‘வாட்டர் டேங்க்’ என்று நாம் சொல்லும் ரேடியேட்டர் ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்பதை நேரில் பார்த்தவள் நான்.

2004-ஆம் ஆண்டு. நான் இடைநிலைப்பள்ளி மாணவி. கிள்ளானில் எங்கள் வீடு. பிரிக்பீல்ட்ஸில் உறவினர் வீட்டுத் திருமணம். மாலை நேரம், கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். பத்து தீகாவில் அப்போது டோல் இருந்தது. 2018-இல்தான் அதை எடுத்தார்கள். அந்த டோல் வரிசையில் கார் ஊர்ந்து கொண்டிருந்தபோது, மீட்டரில் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. பொனட் ஓரத்தில் ஆவி கிளம்பியது.

அப்பா பதறவில்லை. காரை ஓரங்கட்டினார். “தண்ணி குறைஞ்சிருக்கும்மா, ஊத்துனா சரியாப் போயிடும்” என்றார். பின்னால் எப்போதும் ஒரு பெரிய போத்தல் தண்ணீர் வைத்திருப்பார். ஒரு துண்டை மடித்துப் பிடித்துக் கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். அடுத்த நொடி கொதிநீர் பீறிட்டு அடித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வலது கை வெந்து போனது. நாங்கள் திருமணத்திற்குப் போகவில்லை, மருத்துவமனைக்குப் போனோம்.

அப்பா வெல்டிங் வேலை செய்தவர். அந்தக் கையை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. இரண்டு மாதம் வேலை இல்லை. அந்தக் காரும் அதோடு சரி. எஞ்சின் ஹெட் வளைந்து விட்டது. செலவு செய்ய வழியில்லாமல் பழைய இரும்புக்குப் போனது.

என் அப்பா கவனக்குறைவானவர் அல்ல. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அதற்கு முந்தைய நான்கு மாதமும், தினமும் காலையில் வேலைக்குப் புறப்படும் முன் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றி விட்டுத்தான் போவார். காரை அவ்வளவு பார்த்துக் கொண்டார். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவே இல்லை. தினமும் ஊற்றுகிறோமே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

குக்கர் சொல்லும் பாடம்

காரின் குளிர்விக்கும் முறை மூடிய ஒரு சுற்று. அதில் ஓடும் தண்ணீர் பெட்ரோலைப் போல் செலவாகும் பொருள் அல்ல. பம்ப் அதைத் தள்ளுகிறது. எஞ்சினைச் சுற்றி வந்து சூட்டை வாங்கிக் கொள்கிறது. ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் சூட்டை விட்டு விட்டுத் திரும்புகிறது. நல்ல நிலையில் இருக்கும் காருக்கு மாதக் கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமே வராது. அடிக்கடி ஊற்றுகிறீர்கள் என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

சரி, மூடியைத் திறந்தால் ஏன் பீறிடுகிறது? நம் வீட்டு பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அழுத்தம் கொடுத்து அடைத்து வைத்தால் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ரேடியேட்டர் மூடியின் வேலை அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பதுதான். அதைத் திறந்தால் அழுத்தம் போய், அடக்கி வைத்த தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் பொங்கும். ஆவி அடங்காத குக்கரை எந்த அம்மாவாவது திறப்பார்களா? எங்கள் அம்மா அடுப்படியில் தினமும் கடைப்பிடித்த விதி, அன்று சாலையோரத்தில் எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டே கேள்விகள்

பல ஆண்டுகள் கழித்து என் சொந்தக் கார் கொதித்தது. முதலில் போன பட்டறையில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். மறுபடியும் கொதித்தது. ரேடியேட்டரையே மாற்றினார்கள். மறுபடியும் கொதித்தது. எழுநூறு வெள்ளி போனதுதான் மிச்சம். அங்கே நான் கேட்ட கேள்விக்கெல்லாம் போர்மன் என்னிடம் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற என் தம்பியிடம் சொன்னார். தம்பிக்குக் காரைப் பற்றி என்னளவுகூடத் தெரியாது!

அதன் பிறகு கிள்ளானில் வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பொனட்டைத் திறக்கும் முன்பே இரண்டு கேள்விகள் கேட்டார். “தண்ணி குறையுதாம்மா, குறையலையா? எப்போ கொதிக்குது, ஜாம்ல நிக்கும்போதா, வேகமா ஓடும்போதா?”

நேயர்களே, இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

தண்ணீர் குறைகிறது என்றால் அது போகக்கூடிய வழி மூன்றுதான். முதல் வழி வெளியே ஒழுகுவது. இரவில் காருக்கு அடியில் பழைய நாளிதழை விரித்து வையுங்கள். காலையில் நிறமும் பிசுபிசுப்பும் உள்ள கறை இருந்தால் அது கூலண்ட். வெறும் தெளிந்த நீர் ஏர்கோனிலிருந்து சொட்டியதாக இருக்கலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டாவது வழி மூடி. அதன் ரப்பர் இறுகிப் போனால் அழுத்தம் நிற்காது; தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி விடும். மூன்றாவது வழிதான் ஆபத்தானது: எஞ்சினுக்கு உள்ளேயே போவது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஆனால் எஞ்சின் சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த தேநீர் போல் படிந்திருக்கும்.

தண்ணீர் குறையவில்லை, ஆனாலும் கொதிக்கிறது என்றால் இரண்டாவது கேள்விக்கு வாருங்கள். நெரிசலில் கொதித்து, வேகமாக ஓடும்போது ஊசி இறங்கி விடுகிறதா? முதலில் ஃபேனைப் பாருங்கள். கார் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும்; நிற்கும்போது ஃபேன்தான் கதி. அதற்கு மாறாக, ஊருக்குள் ஒழுங்காக ஓடி, காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் தாண்டி ஏற்றம் ஏறும்போதோ, கெந்திங் மலைக்குப் போகும்போதோ கொதிக்கிறதா? ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். பம்ப் தண்ணீரைச் சரியாகத் தள்ளாமல் இருக்கலாம். காலையில் எடுத்த சில நிமிடங்களிலேயே ஊசி ஏறினால், தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து விட்டுத் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம்.

என் காரில் தண்ணீர் குறைந்து கொண்டிருந்தது. பெரியவர் ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப் ஒன்றைப் பொருத்தி, ஆறிய எஞ்சினில் அழுத்தம் ஏற்றிப் பார்த்தார். பத்தே நிமிடம். வாட்டர் பம்ப்பின் அடியிலிருந்து மெல்லிய கோடாகத் தண்ணீர் இறங்கியது. ஓடும்போது அது சூட்டில் காய்ந்து விடுவதால் யார் கண்ணுக்கும் படவில்லை. எழுநூறு வெள்ளி செலவழித்தும் கிடைக்காத விடை அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்தது.

மூடி மறைக்காதீர்கள்

நம்மிடையே சில கைவைத்தியங்கள் உண்டு. “நம்ம ஊரு சூடான ஊரு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு” என்பார்கள். கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் தண்ணீர் போகும் பாதையே மாறிச் சூடு இன்னும் அதிகமாகும். ஃபேனை ‘டைரக்ட்’ போட்டு நிற்காமல் ஓட விடுவதும் அப்படித்தான். கோளாறு அங்கேயே இருக்கும். அது கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான். வெறும் குழாய்த் தண்ணீரையே வருடக் கணக்கில் ஊற்றினால் உள்ளே துருவும் படிவும் சேரும். கார்க் கையேட்டில் சொல்லியிருக்கும் கூலண்டையே வாங்குங்கள். நிறத்தை மட்டும் பார்த்துக் கலக்காதீர்கள். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான நிறம் என்று ஒன்று கிடையாது. பெரும்பாலான கூலண்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. பிள்ளைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் சுத்தமாக வற்றி விட்டால் ஊசி ஏறாமல் கீழேயே நிற்பதும் உண்டு. சூட்டை அளக்கும் கருவி தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாக வேலை செய்யும். ஊசியை மட்டும் நம்பாதீர்கள். வாடையையும் ஆவியையும் கவனியுங்கள்.

சாலையில் கொதித்தால் ஏர்கோனை அடையுங்கள். இடப்பக்க அவசரத் தடத்தில் நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்துங்கள். அபாய விளக்கைப் போட்டு விட்டு, குடும்பத்தோடு தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டினால், அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் வளையும். பிறகு டாப் ஓவர்ஹால் வரை போய் விடும். குறைந்தது அரை மணி நேரம் மூடியில் கை வைக்காதீர்கள். அதன் பிறகும் மேல் ஹோஸ் சூடாக இருந்தால் இன்னும் பொறுங்கள். திருமணத்திற்குத் தாமதமாகப் போனால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அப்பா இப்போது ஓய்வு பெற்று விட்டார். வலது கையில் தழும்பு இருக்கிறது. வெயிலில் நின்றால் இன்னும் எரியும் என்பார். தீபாவளிக்கு வெளியூர் புறப்படும் முன் என் காரைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்ப்பார். ஆறிய எஞ்சின்தானா என்று மூன்று முறை கேட்டு விட்டுத்தான் என்னை மூடியைத் திறக்க விடுவார். தண்ணீர் ஓர் அங்குலம் இறங்கியிருந்தாலும் போதும். “ஊத்துறது இருக்கட்டும். எங்கே போச்சுன்னு முதல்ல பாரு” என்பார்.

இன்று வீட்டுக்குப் போனதும் நீங்களும் ஒரு நாளிதழை எடுத்துக் காருக்கு அடியில் விரித்து வையுங்கள். படித்து முடித்த பக்கமாக இருக்கட்டும்.