அரையா, ஆறா?



நான் தாராவியில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்தவர். இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய கதையும் இதுதான்.

இன்று குரலைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் மையத்தில் பாடங்களை வாசித்துப் பதிவு செய்கிறோம். படங்களோடு சேர்த்து உங்கள் கைபேசிக்கு அனுப்புகிறோம். நீங்கள் சமைத்துக்கொண்டே கேட்கிறீர்கள். படத்தைப் பார்க்க நேரம் இல்லை. குரலைத்தான் நம்புகிறீர்கள். அந்தக் குரல் சரியாகக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? நான் செய்த தவறையே சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு பற்றி ஒரு பாடம் பதிவு செய்தேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்யும் முறை அதில் இருந்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர். சர்க்கரை ஆறு டீஸ்பூன். உப்பு அரை டீஸ்பூன். எல்லாம் தலை தட்டிய அளவு. நான் சரியாகத்தான் வாசித்தேன்.

மறுநாள் காலை ஒரு பெரியம்மா ஓடி வந்தார். கையில் டம்ளர் இருந்தது.

"ஏ தாயி, உப்பு ஆறு கரண்டியா? வாயில வைக்க முடியலையே!"

பேரனுக்கு வயிற்றுப்போக்கு. பாடத்தைக் கேட்டுத்தான் கரைத்திருக்கிறார். "கொடுக்கும் முன் ருசி பாருங்கள். கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது" என்றும் அதே பாடத்தில் சொல்லியிருந்தேன். நல்லவேளை, அது அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. குழந்தைக்குக் கொடுக்கவில்லை. அவ்வளவு உப்பு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அவர் கொட்டிவிட்டு வேறு கரைத்தார். நான்தான் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

அன்று இரவு அவருடைய கைபேசியிலேயே பாடத்தைப் போட்டுக் கேட்டேன். உண்மைதான். "அரை" என்பது "ஆற" என்று இழுத்துக் கேட்டது. ஏன் தெரியுமா? நான் பதிவு செய்த அறைக்குத் தகரக் கூரை. சுவரில் ஒன்றும் இல்லை. குரல் கூரையில் பட்டு, சுவரில் பட்டு, மறுபடி மைக்குக்கு வந்தது. அதனால் குறில் நெடிலாகிவிட்டது. அதே நேரம் ஒரு லோக்கல் ரயில் போயிருக்கிறது. சொல்லின் கடைசி எழுத்தை அது விழுங்கிவிட்டது. அதற்கு முந்தின வரியில் "ஆறு" வேறு இருக்கிறது. கேட்பவர் என்ன நினைப்பார்?

எதிரொலியை நிறுத்தத் துணி போதும். சுற்றிலும் கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிடுங்கள். தலைக்கு மேலும் ஒரு போர்வை கட்டுங்கள். குரல் துணியில் அடங்கிவிடும்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து "பாப்பா" என்று சொல்லிப் பாருங்கள். காற்று படுகிறதா? அந்தக் காற்று மைக்கில் பட்டால் "டப்" என்று கேட்கும். கத்தவும் கூடாது. மெல்லப் பேசியதைப் பிறகு கொஞ்சம் கூட்டலாம். கத்தி உடைந்த குரலை ஒட்டவைப்பது கடினம். கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் செய்தி பாடத்துக்கு நடுவில் "டிங்" என்று மணியடிக்கும்.

ஃபேனை நிறுத்த வேண்டும். மும்பை வெயிலில் இதைச் சொல்பவளை யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் நிறுத்த வேண்டும். பிறகு பத்து விநாடி யாரும் பேசக் கூடாது. அந்த வெறும் சத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். எதற்கு? கணினியில் ஆடாசிட்டி என்று ஒரு மென்பொருள் உண்டு. அதற்குக் காசு இல்லை. 2000-ஆம் ஆண்டில் வந்தது. அந்தப் பத்து விநாடியைக் காட்டி, "இதுதான் இரைச்சல்" என்று அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். பாடம் முழுவதிலும் அதே இரைச்சலை அது குறைத்துவிடும். ஒரே மாதிரி ஓடும் சத்தத்துக்குத்தான் இது நன்றாக உதவும். நடுவில் வந்து போகும் ரயிலை அதனால் எடுக்க முடியாது. ரொம்பக் குறைத்தாலும் குடத்துக்குள் இருந்து பேசுவது போல் ஆகிவிடும். ரயில் வந்தால் நிறுத்துங்கள். போன பிறகு அந்தப் பத்தியை முதலிலிருந்து வாசியுங்கள். ஒரு சொல்லை மட்டும் வாசித்து ஒட்டினால் குரல் மாறி, ஒட்டுப்போட்டது தெரியும்.

இவ்வளவும் செய்தேன். ஆனாலும் என் மனம் ஆறவில்லை. கடைசியில் வாசகத்தையே மாற்றினேன். இப்போது பாடத்தில் இப்படி வருகிறது: "உப்பு பாதி டீஸ்பூன். ஒரு டீஸ்பூன் கூட இல்லை, அதில் பாதி." இதற்குப் போர்வையும் வேண்டாம், கணினியும் வேண்டாம். முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதையே கரையுங்கள். அரசு சுகாதார மையத்தில் இலவசமாகவே தருவார்கள். குழந்தை சோர்ந்து போனாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

பாடத்தை முடித்ததும் நல்ல ஹெட்போனில் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். உங்கள் வீட்டுச் சின்னக் கைபேசியில், குக்கர் விசில் அடிக்கும்போது கேளுங்கள். அப்போதும் புரிந்தால்தான் அனுப்ப வேண்டும்.

இன்று அந்தப் பாடத்தை மறுபடி பதிவு செய்கிறோம். வாசிக்கப் போவது நான் இல்லை. டம்ளரோடு ஓடி வந்த அதே பெரியம்மாதான். விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசிப்பார். "நான் மெதுவாப் படிப்பேனே தாயி" என்று தயங்கினார். அந்த வேகம்தான் வேண்டும், பெரியம்மா.

யாராவது ஃபேனை நிறுத்துங்கள். பத்து விநாடி யாரும் பேசாதீர்கள்.